நீலக் கயிற்றின் நடுக்குறி

சேதி வந்தபோது மதியம் ஒன்றரை மணி. மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறையில், ஒருவருடைய கண்ணாடிக் கம்பியைச் சூடுகாட்டிக் காதுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டிருந்தாள் அவள். கைப்பேசியில் கணவர் பெயர் வந்தது. எடுத்தால் பேசியது அவர் இல்லை. அவரோடு லிப்ட் பழுதுபார்க்கும் கூட்டாளி. பெரியாஸ்பத்திரி வரைக்கும் வர முடியுமா அக்கா, சும்மா ஒரு மயக்கம்தான் என்றான். அந்தச் சும்மாவை அவன் இரண்டு தடவை சொன்னதிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் கம்பியை ஆறவைத்து, கண்ணாடியைத் துடைத்து, உறையில் போட்டு, உரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கூட்டாளி நடந்ததைச் சொன்னான். வந்தவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னான். காலையில் ஓர் அடுக்குமாடியில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோயிருக்கிறது. உள்ளே ஆட்கள். அவசரம் என்று இவருக்குப் போன். வந்தார், மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறினார், சக்கரத்தைக் கையால் சுற்றி லிப்டைக் கீழ்மாடிக்கு இறக்கினார். கடைசி ஆள் வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்தபோது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

"வரும்போதே சொன்னாருக்கா, வீட்ல கயிறு வேலை பாதியில நிக்குது, சாயங்காலம் போய் முடிக்கணும்னு." இதையும் அவன் எல்லோரிடமும் சொன்னான். செத்தவர் கடைசியாகப் பேசியது எதுவானாலும் அதைப் பத்திரமாக எடுத்துவைக்கிற பழக்கம் மனிதர்களுக்கு உண்டல்லவா, அப்படி. அவள் காதில் விழுந்தது. மனதுக்குள் போகவில்லை.

மகளுக்குத்தான் சொல்ல முடியவில்லை. அன்று அவளுக்கு விடுமுறை; பாறை ஏறும் சங்கத்துப் பல் டாக்டரோடு ஊருக்கு வெளியே இருக்கிற பாறைக்கு ஏறப் போயிருந்தாள். அங்கே டவர் கிடைக்காது. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள், அதற்குள் அவளைத் துரத்த வேண்டாம், வந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூத்த நாத்தனார் தீர்ப்புச் சொன்னாள். மற்றவர்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது. யார் சொல்வது என்ற கேள்வி கொஞ்ச நேரத்துக்குத் தள்ளிப்போயிற்றே.

ஆஸ்பத்திரியில் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டார்கள். அது எங்கே இருக்கிறது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தன் தம்பியின் ரொட்டி வேனில் வீட்டுக்குப் போனாள். அலமாரியில் அட்டை உடனே கிடைத்தது. கிளம்பியிருக்கலாம். பிளாஸ்டிக் கருகினதுபோல ஒரு வாடை வந்தது. ஏதோ எரிகிறது என்று பின்பக்க பால்கனிக் கதவைத் திறந்தாள்.

எதுவும் எரியவில்லை. ஸ்டூலின் மேல் கத்தி, லைட்டர், ஒட்டுப் பட்டை, மூடி திறக்காத கறுப்புப் பேனா. தரையில் வெட்டி எடுத்த கயிற்றுத் துண்டு ஒன்று சுருண்டு கிடந்தது. நீலக் கயிறு. அதன் ஒரு முனை உருகிக் கட்டியாகியிருந்தது. காலையில் உருக்கின வாடை மூடிய பால்கனிக்குள்ளேயே தங்கியிருக்கிறது.

சுவரில் மூன்று கொக்கிகள். ஒன்றில் பச்சைக் கயிறு. ஒன்றில் இடுப்புப் பட்டைகள். நீலக் கயிறு தொங்கவேண்டிய கொக்கி காலி.

அவள் துண்டை எடுத்துக் கைகளால் விரித்துப் பார்த்தாள். மூன்று ஆள் உயரம் இருக்கும். கூட்டாளி சொன்ன வார்த்தை அப்போதுதான் உள்ளே போய் இறங்கியது. பாதியில் நிற்கிற வேலை எது என்று தெரிந்தது. அந்தப் பாதி வேலையை மகள் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள் என்பதும் தெரிந்தது.

மகளுக்குப் போன் அடித்தாள். டாக்டருக்கு அடித்தாள். இரண்டும் எட்டவில்லை. அட்டையை எதிர்வீட்டுக்காரர் கையில் திணித்து, ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வேனில் ஏறினாள்.

"பாறைக்கு விடு" என்றாள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். "அக்கா, மாமா அங்க..."

"மாமா எங்கயும் போகமாட்டார். நீ விடு."

*

அவர் நாள் முழுக்க லிப்டின் இருட்டுக் குழிக்குள் கயிற்றை நம்பி நிற்கிற மனிதர். இளவயதில், ஒரு பழைய கிடங்கின் சரக்கு லிப்டைப் பழுதுபார்க்கப் போனார். உள்ளே நாலைந்து பேர், பாறை ஏறும் சங்கத்தார் பழகுவதற்காக அடித்திருந்த பலகைச் சுவரில் பல்லிபோல ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கொடுத்தாலே இந்த வேலைக்கு ஆள் வரமாட்டான், நீங்கள் கைக்காசு கட்டித் தொங்குகிறீர்களா என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். சுவரில் இருந்த பல் டாக்டர், ஏறிப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாமே என்றார். ஏறினார். மூன்றாவது பிடியில் வழுக்கி மெத்தையில் மல்லாந்தார். அடுத்த வாரம் அந்தக் கிடங்கில் பழுது எதுவும் இல்லை. அவர் மட்டும் போய் நின்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு அந்தச் சுவர்தான் கதி. அங்கே ஒவ்வொரு பிடிக்கும் பெயர் உண்டு. வழுக்குகிற உருண்டைப் பிடிக்குச் சோப்பு. விரல்நுனிக்கு மேல் இடம் கொடுக்காத ஒன்றுக்குக் கஞ்சன். கஞ்சனைத் தாண்ட அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. தாண்டிய அன்று வீட்டுக்கு வந்து, உள்ளங்கையெல்லாம் வழுக்காமல் இருக்கப் பூசுகிற வெள்ளைத் தூளோடு, கதவுப் பிடியைத் திருக முடியாமல் முழங்கையால் மணியை அடித்தார்.

கலியாணமாகி வந்தபோது அவளுக்கு இந்த வெறி பிடிபடவில்லை. காலைவிடச் சின்ன ஷூவைப் போட்டுக்கொண்டு, விரல் நகம் கறுத்து வருகிற புருஷனைப் பார்த்து, அளவு சொல்லத் தெரியாதா என்று கேட்டிருக்கிறாள். ஷூ நாற்றத்தைப் பால்கனியோடு நிறுத்தியது அவள் போட்ட சட்டம். ஆனால் ஜன்னல்திரைக் கயிற்றில் அவர் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தபோது அவள் கை சட்டென்று பிடித்துக்கொண்டது. ஏறுவதில் அவளுக்கு ருசி இல்லை. கீழே நின்று, மேலே ஏறுகிறவரின் கயிற்றைப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று சங்கத்தில் பேர் வாங்கினாள். முழங்கால் கெட்டுப்போகும் வரைக்கும் பல வருஷம் பிடித்தாள். என் உயிரை உன்னிடம் கொடுத்துவிட்டு என் பர்ஸையும் உன்னிடம் கொடுத்திருக்கிறேன், இதற்குமேல் என்ன வேண்டும் என்பார் அவர். பர்ஸில் ஒன்றும் இல்லை என்பாள் அவள்.

சங்கத்தில் அவருக்கு வைத்த பெயர் 'இன்னொருவாட்டி'. யார் ஏறப்போனாலும் முடிச்சைப் பார்ப்பார், இடுப்புப் பட்டையின் வளையத்தைப் பார்ப்பார், பிறகு "இன்னொருவாட்டி காட்டு" என்பார். இன்னொருவாட்டி வருகிறார் என்றால் புதிதாகச் சேர்ந்தவர்கள் தாங்களாகவே வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். மாதம் ஒருமுறை கயிறு முழுவதையும் விரல்களுக்கு இடையே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவி வருவார். உள்ளே எங்காவது மெத்தென்று அமுங்கினால் அந்த இடத்தோடு கயிற்றுக்கு ஆயுசு முடிந்தது. நுனிப்பக்கம் அமுங்கினால் மட்டும் அதை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வார். அன்று காலை அப்படித்தான் வெட்டியிருக்கிறார். வெட்டி, உருக்கி, பேனாவைக் கையில் எடுக்கும்போது போன் வந்திருக்கிறது. கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஓடியிருக்கிறார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் காக்கவைக்கிற ஆள் இல்லை அவர்.

*

வேன் ஊரைத் தாண்டியது. பின்னால் காலித் தட்டுகள் ஒவ்வொரு குழிக்கும் எகிறி விழுந்தன. தம்பி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான், கயிறு கொஞ்சம் குறைந்தால் என்ன அக்கா, அத்தனை நீளம் இருக்கிறதே என்று.

அவள் சொன்னாள். ஏறுவதற்கு ஒன்றும் ஆகாது. இறங்கும்போதுதான். பாறை உச்சியில் அடித்திருக்கிற இரும்பு வளையத்தில் கயிற்றைப் பாதிவரைக்கும் கோத்து, இரண்டு பாதியையும் கீழே போடுவார்கள். இரண்டு இழையையும் சேர்த்து இடுப்பில் மாட்டிய கருவிக்குள் விட்டுக்கொண்டு இறங்குவார்கள். கீழே வந்தபின் ஒரு இழையை இழுத்தால் முழுக் கயிறும் வந்துவிடும். பாதி எது என்று தெரிவதற்குத்தான் நடுவில் கறுப்பு மையால் ஒரு குறி. இப்போது ஒரு நுனியை வெட்டிவிட்டார்.

"மை அங்கயேதான் இருக்கு. நடுதான் நகந்துடுச்சு. அவ குறியைப் பாத்துக் கோத்திருப்பா. ஒரு பக்கம் மூணு ஆள் உயரம் குட்டை. அந்தக் குட்டை நுனி கருவியை விட்டு வெளிய வந்துச்சுன்னா, மத்த பக்கம் சரசரன்னு வளையத்துல ஓடிடும். அவளும் அதோட போயிடுவா."

"அவ கவனிக்க மாட்டாளா?"

"அவங்கப்பா போட்ட குறி. அதை ஏன் அவ சந்தேகப்படணும்?"

நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் கருவியைத் தாண்டி வெளியே வராதே என்று அவனே கண்டுபிடித்துக் கேட்டான். அதுதான் அப்பாவுக்கும் மகளுக்கும் ஓயாத வழக்கு. இறங்கும் கயிறு எதுவானாலும் இரண்டு நுனியிலும் முடிச்சு வேண்டும் என்பார் அவர். இந்தப் பாறையில் மட்டும் அது வேலைக்காகாது என்பாள் மகள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பிளவு இருக்கிறது. போன வருஷம் கயிற்றைப் போட்டபோது காற்று நுனியை வீசி, முடிச்சு அந்தப் பிளவில் போய்க் கவ்விக்கொண்டது. அதை எடுக்க அவள் பாதி வழியில் தொங்கிக்கொண்டு பட்ட பாட்டில், இனி இங்கே முடிச்சே கிடையாது என்று சத்தியம் செய்துவிட்டாள். மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொள்ளட்டும், மாட்டிக்கொண்டவள் உயிரோடு இருப்பாள் என்று அவர் கத்தினார். நீங்கள் வராத பாறைக்கு நீங்கள் சட்டம் போடாதீர்கள் என்று அவள் கத்தினாள். ஒரு வாரம் இருவரும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். உப்பை அந்தப் பக்கம் தள்ளச் சொல்லு என்கிற அளவுக்கு.

போன் அடித்தது. நாத்தனார்.

"கார்டு எடுக்கப் போனவ எங்க இருக்க?"

மகளைக் கூட்டிவரப் போகிறேன் என்றாள்.

"அதுக்கு உன் தம்பி போதாதா? புருஷனை அங்க படுக்க வெச்சுட்டுப் பொண்டாட்டி ஊர் சுத்தப் போனான்னு பேசுவாங்க. என் தம்பிக்கு வாய்ச்சது அவ்வளவுதான்."

"சரி அண்ணி" என்று வைத்துவிட்டாள். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்கே இன்னொரு அழுகை எழும்பும். ஆளுக்கு ஒரு பக்கமாக யாரையாவது கூப்பிடுவார்கள். ஒருவேளை மகளின் போன் ஒரு நொடி எட்டிவிட்டால் தாழ்வாரத்தில் அழுகிற யாரோ ஒருத்தியின் குரல்தான் அவளுக்குப் போய்ச் சேரும். பாறையில் நிற்கும்போது அது போய்ச் சேரக்கூடாது.

அது அவர் போட்ட இன்னொரு சட்டம். சட்டம் வந்த கதை சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை வங்கிக்காரர் ஒருவர் கயிற்றில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அவருடைய மச்சினர் அடிவாரத்துக்கு ஓடிவந்து, அப்பா போய்விட்டார் என்று கத்திவிட்டார். கேட்டவரின் கை தன்னையறியாமல் திறந்துகொண்டது. கீழே நின்ற ஒருத்தர் கயிற்றை இழுத்துப் பிடித்ததால் பிழைத்தார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. அன்று முதல், கால் தரையில் படும்வரை யாருக்கும் சேதி கிடையாது. லாட்டரி விழுந்தாலும் சரி, வீடு பற்றி எரிந்தாலும் சரி. வீட்டில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அவர் ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றும்போது, இறங்குங்க, ஒரு சேதி இருக்கு என்பாள் அவள். அவர் கால் வெலவெலக்கிற மாதிரி நடிப்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அதனால்தான் இப்போது, முதலில் இறங்கி வா, அப்புறம் சொல்கிறேன் என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் மகளிடம் சொல்லவே கூடாது. அந்த வாக்கியத்துக்கு அவர்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான்.

பாறை தெரிய ஆரம்பித்ததும் அவள் தண்ணீர் பாட்டிலை வாங்கி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முகத்தைக் கழுவினாள். தலையைக் கையால் வாரிக் கட்டினாள்.

"நீ வண்டியிலயே இரு."

"நானும் வரேன்க்கா. உனக்கு முழங்கால்..."

"உன் மூஞ்சியைப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிடும். கண்ணாடியில பாத்துக்க."

அவன் பார்த்துக்கொண்டான். இறங்கவில்லை.

*

சாலையிலிருந்து பாறையின் அடிக்குப் புதர் வழியாக ஒற்றையடிப் பாதை. அவளால் ஓட முடியாது. நொண்டி நொண்டி வேகமாக நடந்தாள். பாதி வழியிலேயே உச்சியில் நீல நிறம் அசைவது தெரிந்தது. கயிறு போட்டாகிவிட்டது. விளிம்புக்கு மேல் சிவப்பு ஹெல்மெட் வந்து, திரும்பி, முதுகு காட்டிச் சாய்ந்தது.

கத்தினாள். காற்று அவள் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. மேலே டாக்டர் ஏதோ கதையளப்பது அவளுக்குக் கேட்டது, அவள் குரல் மேலே போகவில்லை. மகள் கால்களை உதைத்து உதைத்து, துள்ளித் துள்ளி இறங்கினாள். அப்படித் துள்ளக்கூடாது என்று எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறாள்.

அடியில் உருண்டைக் கற்கள் குவிந்து கிடக்கும். அவற்றின் மேல் ஓர் இழை தாராளமாகச் சுருண்டு விழுந்திருந்தது. மற்ற இழையைத் தேடினாள். நிமிர்ந்து பார்க்கவேண்டியிருந்தது. கைக்கு எட்டாத உயரத்தில், நுனி காற்றில் வாலாட்டிக்கொண்டிருந்தது. உருக்கிய கறுப்பு முனை. முடிச்சு இல்லை.

அவள் கற்களின் மேல் தவழ்ந்து ஏறினாள். கீழே கிடந்த இழையை எட்டிப் பிடித்து, இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, பின்னால் சாய்ந்து உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து இழுத்தாள். கீழிருந்து கயிறு விறைத்தால் மேலே கருவி கவ்வும். வருஷக்கணக்கில் பிடித்த கை அது, யோசிக்கவில்லை. மேலே சிவப்பு ஹெல்மெட் வெடுக்கென்று நின்றது. ஆனால் குட்டை நுனி ஒரு சாண் மேலே ஏறியதையும் அவள் பார்த்தாள். தான் இழுக்கிற கயிறு வளையத்தில் நழுவி வருகிறது. இழுக்காவிட்டால் மகள் இறங்கிவிடுவாள். அதிகம் இழுத்தால் மிச்சமிருக்கிற குட்டையையும் தானே பறித்துவிடுவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை ஒரு நூல் தளர்த்தினாள். நுனி நின்றது. ஹெல்மெட்டும் நின்றது.

"யாரு கீழ? கயிறை விடுங்க!" மகளின் குரல், எரிச்சலாக.

"நான்தான்."

மகள் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தாள். கடைச் சீருடையில் அம்மா. கற்களின் மேல். முழங்கால் கெட்டபிறகு இந்தப் பக்கமே வராத அம்மா.

"நீ எங்க இங்க?"

"ரெண்டு இழையையும் கெட்டியாப் பிடி. தொடையில சுத்திக்க. கயிறு ஒரு பக்கம் குட்டை."

"நடுவுலதான் போட்டேன்."

"அது நடு இல்ல. காலையில அப்பா நுனியை வெட்டியிருக்கார். உன் வலப்பக்கம் கீழ பாரு."

மகள் பார்த்தாள். பிறகு இரண்டு இழையையும் சேர்த்துத் தொடையைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றினாள். அதன்பிறகுதான் அம்மா இடுப்பிலிருந்த கயிற்றை விட்டாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் விளிம்பில் தலையை நீட்டி, என்ன தங்கச்சி, விடுமுறையில்கூட எங்களை நம்பி விடமாட்டீர்களா என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பல்லைப் பிடுங்குகிறவருக்கு முகம் படிக்கத் தெரியும்.

மகள்தான் கேட்டாள்.

"அப்பா எங்க?"

அரை நொடி தாமதமானாலும் மகள் கணக்குப் போட்டுவிடுவாள். அவரைப்பற்றி என்றைக்கும் சலித்துக்கொள்கிற அதே சலிப்பை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டாள்.

"வேற எங்க, வேலையிலதான். யாரோ லிப்டுல மாட்டிக்கிட்டாங்களாம். பொண்ணு கயித்துல மாட்டிக்கிட்டதுக்கு என்னைத் துரத்தி விட்டிருக்கார். மனுஷனுக்கு ஊரான்தான் முதல்ல."

"திட்டினாரா?"

"உன்னை இல்ல, என்னை. முடிச்சுப் போடாத பொண்ணை வளத்திருக்கேனாம்."

மகள் சிரித்த மாதிரி இருந்தது. காற்றில் சரியாகத் தெரியவில்லை.

பிறகு மூன்று பேரும் வேலையைப் பார்த்தார்கள். மகளின் காலுக்குக் கீழே, ஒரு புத்தகத்தை வைக்கிற அகலத்தில் ஒரு விளிம்பு இருந்தது. கயிற்றை அங்குலம் அங்குலமாக விட்டு அதில் அவள் ஷூ நுனிகளை ஊன்றி, பாறையோடு மார்பை ஒட்டிக்கொண்டு, தன் கனத்தைக் கயிற்றிலிருந்து எடுத்தாள். கயிறு தளர்ந்ததும் மேலே டாக்டர் இரண்டு இழையிலும் முடிச்சிட்டு, இரும்பு வளையத்தில் தனித்தனியாக மாட்டவேண்டும். அப்படிச் செய்தால் குட்டை இழை தீர்ந்துபோனாலும் நீள இழை ஓடாது. கீழே இருந்து உருவவும் முடியாது. மேலே இருக்கிறவர்தான் அவிழ்த்து எடுத்துவரவேண்டும். டாக்டர் அவசரப்படவில்லை. முதல் முடிச்சு ஆயிற்று என்றார். பிறகு தனக்குத்தானே, இன்னொருவாட்டி என்று சொல்லிக்கொண்டு அதை மறுபடி பார்த்தார். அந்த வார்த்தை கீழே வரைக்கும் வந்தது. அம்மா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி பாவனை செய்தாள். அவள் போட்டிருந்தது செருப்பு.

மகளின் கெண்டைக்கால் தையல் மிஷின்போல ஆட ஆரம்பித்திருந்தது. குதிகாலைத் தாழ்த்து என்றாள் அம்மா. தாழ்த்தினாள். ஆட்டம் நின்றது. எத்தனை நேரம் இப்படி நின்றார்கள் என்று மூன்று பேருக்கும் பிறகு மூன்று கணக்கு.

"அம்மா."

"ம்."

"போன்ல சொன்னாரா, நேர்ல சொன்னாரா?"

"போன்ல."

"அவர் நம்பர்லருந்தா?"

அவர் எண்ணிலிருந்துதான் போன் வந்தது. அது பொய்யில்லை.

"ஆமா. அவர் நம்பர்லருந்துதான்."

இரண்டாவது முடிச்சும் ஆயிற்று, வரலாம் என்று மேலிருந்து குரல் வந்தது. மகள் தொடைச் சுற்றை அவிழ்த்து மெதுவாக இறங்கினாள். இந்தத் தடவை துள்ளவில்லை. குட்டை நுனி கருவிக்குள் நுழைந்து, வழுக்கி, வெளியே விழுந்து பாறையில் ஒருமுறை அடித்தது. மகள் ஒற்றை இழையில் லேசாகச் சுழன்றாள். வலது கை இறுகியது. அம்மா கீழே நீள இழையைப் பிடித்துக்கொண்டே நின்றாள், மகளின் ஷூ தலைக்கு நேரே வந்து, தோளுக்கு வந்து, கற்களில் பதியும்வரை.

மகள் கருவியைக் கழற்றினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தாள். கற்களிலிருந்து இறங்கி, மண்தரைக்கு வந்து, இரண்டு காலையும் சமமாக ஊன்றி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"தரைக்கு வந்துட்டேன். இப்பச் சொல்லு."

அவள் சொன்னாள்.

கீழே எழுந்த சத்தம் கேட்டு டாக்டர் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்சரிவு வழியாக ஓடிவந்தார். முள் கிழித்த முழங்கையோடு வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், இருவரையும் பிடித்து நடத்தி வேனுக்குக் கூட்டிப்போனார். ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே மகள் இடுப்புப் பட்டையைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை அந்தக் கோலத்தில் பார்த்ததும் நாத்தனார் வைத்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டு எழுந்து வந்தாள். தன் துப்பட்டாவை எடுத்து அவள் தோளில் போட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு சங்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாறையில் இருக்கிற கயிற்றைத் தாங்கள் போய் எடுத்துவருவதாகச் சொன்னார்கள். வேண்டாம், நானே போகிறேன் என்றாள் மகள். அவளுக்கு இரண்டு விடுமுறை வந்து போய்விட்டன. கயிறு இன்னும் பாறையிலேயே தொங்குகிறது.